காணாமல் போகாத ஆறு மோல்

படிக்கட்டின் அடியில் யாரோ வைத்திருந்த பெட்டியில் என் கால் கட்டைவிரல் மோதியபோதே, இந்தக் கேஸ் எனக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது.

"ஐயோ!"

"கத்தாத தம்பி. மேல ஆள் இருக்காங்க" என்றார் அண்ணி.

"பெட்டிக்குள்ளயும் யாரோ இருக்காங்க அண்ணி. அவ்வளவு கனம்."

அண்ணி குனிந்து பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கைகளாலும் தூக்கி, அரை அடி உயர்த்திவிட்டுக் கீழே வைத்தார்.

"துணியும் புத்தகமும். கோபத்துல அடுக்கினது. ஒரு சட்டைக்கை வெளியே தொங்குது பாரு. யாரோ வீட்டை விட்டுப் போறாங்க, போக இஷ்டமில்லாம."

"இஷ்டமில்லன்னு எப்படித் தெரியும்?"

"இஷ்டப்பட்டுப் போறவங்க பெட்டியைக் காருக்குப் பக்கத்துல வைப்பாங்க. இது படிக்குப் பக்கத்துல இருக்கு."

இப்படித்தான் அண்ணி. என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த முதல் மாதத்திலேயே அவன் பத்திரமாக ஒளித்துவைத்திருந்த பொய்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் கூடத்தில் வரிசையாக வைத்தவர். "இந்த வேலையை வெளியில செஞ்சா நாலு பேருக்கு உபயோகமா இருக்கும், எனக்கும் நிம்மதியா இருக்கும்" என்று அண்ணன்தான் கெஞ்சினான். சாவி வெட்டும் கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் நிலையம் பிறந்த கதை அதுதான். நான் உதவியாளன். வண்டி ஓட்டுவதும், தேவையில்லாத இடத்தில் வாயைத் திறப்பதும் என் பொறுப்பு. இரண்டாவதில் எனக்குச் சிறுவயதிலிருந்தே அனுபவம் உண்டு.

நாங்கள் வந்திருந்தது ஓர் எசென்ஸ் பட்டறைக்கு. கீழே பட்டறை, மேலே முதலாளியின் வீடு. கட்டடம் முழுக்கப் பேரிக்காய் வாசனை அடித்தது. தேடிப் பார்த்தாலும் ஒரு பேரிக்காய் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

முதலாளி எங்களை மேலே கூட்டிப்போனார். மெலிந்த மனிதர், நடக்கும்போதுகூட எதையோ எண்ணிக்கொண்டே நடப்பார் போலிருந்தது. கூடம் பளபளவென்று இருந்தது. நான் உட்கார்ந்த நாற்காலியின் கைப்பிடியை, நான் கை எடுத்ததும் அவருடைய மனைவி துணியால் துடைத்தார். மறுபடி கை வைத்தேன், மறுபடி துடைத்தார். கலைந்த தலையைச் சரிசெய்யலாம் என்று எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தேன். பனிமூட்டத்தில் நிற்கும் ஆள்போல மங்கலாகத் தெரிந்தேன். எனக்கு அது ஒருவகையில் சாதகமாகவே பட்டது.

"முப்பது மோல் அமிலம்" என்று முதலாளி ஆரம்பித்தார். "முப்பது மோல் ஆல்கஹால். என் கையால அளந்து கலன்ல ஊத்தினேன். என் கையால மூடியைப் பூட்டினேன். சாவி இதோ."

"மோல்னா?" என்று கேட்டேன்.

"முட்டைக்கு டஜன் இருக்குல்ல? மூலக்கூறுக்கு மோல். எண்ணிக்கைதான். ஒரு அமிலமும் ஒரு ஆல்கஹாலும் சேர்ந்தா ஒரு எஸ்டரும் ஒரு தண்ணியும் வரும். எஸ்டர்தான் வாசனை, எஸ்டர்தான் வியாபாரம். சொல்லுங்க, முப்பதும் முப்பதும் போட்டா எத்தனை எஸ்டர் வரணும்?"

"முப்பது!" என்றேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது வேதியியலில் சரியான விடை சொல்லிவிட்ட பூரிப்பில் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். இருபத்தி நாலுதான் இருக்காம். பாக்கி ஆறு எங்க?"

"யார் மேல சந்தேகம்?" என்றார் அண்ணி.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "மருமக மேல. எங்க பட்டறைக்கு அவதான் வேதியியல் பாக்கிறா. படிச்ச பொண்ணு, வீட்டோட இருக்கும்னு நம்பி உள்ள விட்டேன். அவ அண்ணன் எங்க வேலை பாக்கிறான் தெரியுமா? எங்களுக்குப் போட்டிக் கம்பெனியில! இது பெரிய ஆர்டருக்கான மாதிரிச் சரக்கு. அதுல அரை லிட்டருக்கு மேல எடுத்து அண்ணன்கிட்ட கொடுத்துட்டா."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? கணக்கு பாத்தேன். இன்னிக்கி சாயங்காலம் அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறான். இந்தப் படியை இறங்கினா மறுபடி ஏற வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள நீங்க ஆதாரம் எடுத்துக் கொடுக்கணும். என் பையன்கிட்ட காட்டணும்."

"பையன் என்ன சொல்றார்?"

"வெளியூர்ல விற்பனைக்குப் போயிருக்கான். 'உங்களையும் நம்புறேன், அவளையும் நம்புறேன்'னு ஒரு தடவை சொன்னான். அப்புறம் போனையே எடுக்கல."

முதலாளியம்மா காபித் தட்டோடு வந்தார். "வேணும்னா குடிங்க. அவ போட்டது. அவ காபி போட்டா கப்போட அடி தெரியும்."

"உங்களுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகாதோ?" என்று கேட்டு வைத்தேன்.

"ஒரு நாளும் ஒத்துப்போனதில்ல. போகட்டும், போனா வீடு சுத்தமா இருக்கும்." கப்புக்கு அடியில் துணியை மடித்து வைத்தார். "படிக்கு அடியில அவ பெட்டி கிடக்குதாமே? யாராவது தடுக்கி விழுந்தா யார் பொறுப்பு? நான் மேல எடுத்து வைக்கிறேன்."

அந்தக் கனத்தை இந்த வயதில் எப்படித் தூக்குவார் என்று எழுந்தேன். "நீங்க உக்காருங்க, அழுக்குக் கையோட எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டி 'தொம் தொம்' என்று படியேறும் சத்தம் கேட்டது.

அண்ணி காபியை ஒரு வாய் குடித்தார். "நிஜமாவே அடி தெரியுது" என்றார் வருத்தத்தோடு.

பட்டறையில் மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அழுத கண்ணை எதிர்பார்த்துப் போனேன். எரிக்கிற கண்ணாக இருந்தது. பக்கத்தில் அந்தக் கலன்: வயிறு பெருத்த ஸ்டீல் பாத்திரம், மூடியில் என் முஷ்டி அளவுக்கு ஒரு பூட்டு.

"நீங்க எடுத்தீங்களா?" என்று அண்ணி நேரடியாகக் கேட்டார்.

"இல்லக்கா."

"இந்தக் கலன்ல எத்தனை எஸ்டர் வரும்னு நினைச்சீங்க?"

"இருபது."

முதலாளி துள்ளிக் குதித்தார். "கேட்டீங்களா? கேட்டீங்களா? பத்தை எடுக்கத் திட்டம் போட்டிருக்கா! ஆறோட நிறுத்திக்கிட்டா!"

"மாமா, நூறு தடவை சொல்லிட்டேன்..."

"எனக்குச் சொல்லுங்க, நான் முதல் தடவை கேக்கிறேன்" என்றார் அண்ணி. மேஜை மேலிருந்த சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

மருமகள் மேஜைப் பலகையிலேயே எழுதினாள். மேலே நாலு தலைப்பு: அமிலம், ஆல்கஹால், எஸ்டர், தண்ணீர். கீழே மூன்று வரிசை: முதல், மாற்றம், முடிவு.

"முதல் வரிசை, நாம ஊத்தினது. முப்பது, முப்பது, சுழி, சுழி. கடைசி வரிசை, எல்லாம் அடங்கினப்புறம் இருக்கிறது. நடுவுல எவ்வளவு மாறிச்சுன்னு எனக்குத் தெரியாது. அதனால எக்ஸ்."

"முகமூடி ஆசாமி" என்றேன். இனி இது என் துறை.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னு மாமா சொல்றது இந்த நடுவரிசைக்குத்தான். அமிலத்துல எக்ஸ் குறைஞ்சா ஆல்கஹால்லயும் எக்ஸ் குறையும், எஸ்டர்ல எக்ஸ் கூடும், தண்ணியிலயும் எக்ஸ் கூடும். மாறினதுக்குள்ளதான் அந்தக் கணக்கு. போட்டதெல்லாம் மாறிடும்னு அது சொல்லவே இல்ல."

"ஏன் எல்லாம் மாறாது?" என்றார் அண்ணி.

"எஸ்டரும் தண்ணியும் சும்மா இருக்காதுக்கா. திரும்பச் சேர்ந்து அமிலமும் ஆல்கஹாலுமா ஆகிட்டே இருக்கும். போற வேகமும் திரும்புற வேகமும் சமமாகிற இடத்துல அளவு அப்படியே நின்னுடும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. "எங்க வீட்டு நாற்காலி! நான் துணியைப் போட்டுட்டே இருப்பேன், அண்ணன் எடுத்து மடிச்சுட்டே இருப்பான். குவியல் எப்பவும் அதே உயரம்தான்."

மருமகள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "அதேதான். இந்த நாலு பேருக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் உண்டு. எஸ்டரையும் தண்ணியையும் பெருக்கணும். மிச்சமிருக்கிற அமிலத்தையும் ஆல்கஹாலையும் பெருக்கணும். முதலாவது எப்பவும் ரெண்டாவதை விட நாலு மடங்கு இருக்கும். எவ்வளவு போட்டாலும் இந்த நாலு மாறாது."

கடைசி வரிசையை நிரப்பினாள். அமிலமும் ஆல்கஹாலும் முப்பதில் எக்ஸ் போக மிச்சம். எஸ்டரும் தண்ணீரும் எக்ஸ்.

"எக்ஸை எக்ஸால பெருக்கினது, மிச்சத்தை மிச்சத்தால பெருக்கினதுக்கு நாலு மடங்கு. அப்படின்னா எக்ஸ், மிச்சத்துக்கு ரெண்டு மடங்கு. முப்பதை ரெண்டு பங்கு ஒரு பங்குன்னு பிரிங்க. மாறினது இருபது, மிச்சம் பத்து. இருபதுக்கு மேல ஒரு சொட்டு வராது."

முகமூடி கழன்று விழுந்தது. நான் கைதட்டினேன்.

"ஆனா கலன்ல இருபத்தி நாலு இருந்துதே" என்றார் அண்ணி மெதுவாக.

மருமகளின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. "எத்தனை?"

"உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"குறையுது, திருடிட்டேன்னு மட்டும்தான் சொன்னாங்க. இருபத்தி நாலா? இருக்கவே முடியாதே!"

"முகத்தைப் பாருங்க! வெளுத்துப்போச்சு!" என்றார் முதலாளி.

"பாத்தேன் சார். திருடினவங்க குறைஞ்சதுக்குத்தான் பயப்படுவாங்க. இவங்க கூடினதுக்குப் பயப்படுறாங்க."

எங்கள் நிலையத்துக்கு நகை காணோம் என்று வந்திருக்கிறார்கள், புருஷனைக் காணோம் என்று வந்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு பொருள் அதிகமாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று இதுவரை யாரும் வந்ததில்லை. முதலாளிதான் முதல் ஆள். பாவம், அது அவருக்கே தெரியவில்லை.

அண்ணி சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேரிக்காய் எசென்ஸ் மாதிரிச் சரக்குல இருபத்தி நாலு எஸ்டர்னு சொன்னீங்களே. அமிலம் எவ்வளவு மிச்சம் இருந்துது?"

"அதை யாரும் கேக்கலையேம்மா" என்றார் சோதனைக்காரர். "எஸ்டரை மட்டும் பாருன்னாங்க. அமிலத்தையும் பாத்து வச்சேன், கேக்க ஆளில்ல. ஆறு."

"ஆல்கஹால்?"

"அதைப் பாக்கலை. பாக்கச் சொல்லலையே!"

போனை வைத்ததும் அண்ணி உடைந்த சாக்பீஸ் துண்டைப் பொறுக்கினார். மருமகளின் அட்டவணைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டார்.

"சார், நீங்களே பாருங்க. அமிலம் முப்பது போட்டீங்க, ஆறு மிச்சம். மாறினது எவ்வளவு?"

"இருபத்தி நாலு."

"அப்ப எவ்வளவு எஸ்டர் பொறந்திருக்கணும்?"

"இருபத்தி... நாலு."

"இருக்கிறது?"

முதலாளி உதட்டுக்குள்ளேயே எண்ணிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பொறந்ததெல்லாம் வீட்லயேதான் இருக்கு. நீங்க தேடச் சொன்ன ஆறு மோல் திருடு போகலை. அது அமிலமாவே கலனுக்குள்ள உக்காந்திருக்கு."

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். கேஸ் முடிந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போனால் அண்ணன் சமையலைச் சூடாகச் சாப்பிடலாம். ஆனால் முதலாளி அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை.

"அப்ப இருபதுக்குப் பதில் இருபத்தி நாலு எப்படி வந்துது? இவ ஏதோ கலந்திருக்கா! திருடலைன்னா கெடுத்திருக்கா. பூட்டின கலன்ல எனக்குத் தெரியாம கை வச்சா அதுவும் துரோகம்தான். அண்ணன் வரட்டும், அனுப்பிடுறேன்!"

மருமகள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. மேஜைமேல் கவிழ்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் இவ்வளவு ஆர்வம் காட்டி நான் பார்த்ததில்லை.

"எஸ்டரும் தண்ணியும் இருபத்தி நாலு. பெருக்கினா ஐந்நூத்தி எழுபத்தாறு. நாலால வகுத்தா நூத்தி நாப்பத்தி நாலு. அதுல அமிலம் ஆறு. அப்படின்னா ஆல்கஹால்..." தலையை நிமிர்த்தினாள். "இருபத்தி நாலு மிச்சம் இருக்கணும்க்கா! ஆனா முப்பது போட்டு இருபத்தி நாலு மாறியிருந்தா ஆறுதானே மிச்சம்? பதினெட்டு மோல் கூடுதலா இருக்கு. யாரோ ஆல்கஹால் ஊத்தியிருக்காங்க."

"பதினெட்டு மோல்னா எவ்வளவு?"

"ஒரு லிட்டர் சொச்சம். பெரிய பாட்டில் ஒண்ணு."

அண்ணி கலனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பக்கவாட்டில் குட்டையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டிப் பார்த்தார். வெறும் தக்கை, 'ப்ளக்' என்று கையோடு வந்தது.

"மூடிக்கு இவ்வளவு பெரிய பூட்டு போட்டீங்க. மூக்குக்கு என்ன சார் போட்டீங்க?"

முதலாளி தன் சட்டைப்பையில் இருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அது பத்திரமாக இருந்தது.

"ஆல்கஹால் அதிகமா ஊத்தினா என்ன லாபம்?" என்று கேட்டார் அண்ணி.

"அமிலம் இன்னும் நல்லா மாறும், எஸ்டர் கூட வரும். நான்தான் மாமாகிட்ட கேட்டேன், ஒண்ணுக்கு ஒண்ணு வேண்டாம், ஆல்கஹாலைத் தாராளமா ஊத்தலாம்னு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முதலாளி விரலை நீட்டினார். "வாயாலயே ஒத்துக்கிட்டா!"

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவள்தான் ஊற்றியிருக்க வேண்டும். காரணமும் அவளிடம்தான் இருந்தது, அறிவும் அவளிடம்தான் இருந்தது.

"எங்க வச்சுக் கேட்டீங்க?" என்றார் அண்ணி, எதுவும் நடக்காததுபோல.

"மேல, சாப்பாட்டு மேஜையில. தினமும் கேட்டேன். மாமா இருந்தாங்க, ஸ்டோர் மாமா இருந்தாங்க, அத்தை பரிமாறிட்டு இருந்தாங்க."

ஸ்டோர் மாமா என்பவர் முதலாளியின் மச்சான், அதாவது முதலாளியம்மாவின் தம்பி. சரக்கறையில் ஆல்கஹால் டிரம்முக்குப் பக்கத்தில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தும்மினார்.

"டிரம்ல ஒரு லிட்டர் குறையுதா?" என்றார் அண்ணி.

"குறையாதும்மா. என் சரக்குல ஒரு சொட்டு குறையாது. நான் குடிச்சுட்டேன்னு மச்சான் சொன்னாரா? இதை மோந்தாலே எனக்கு மூக்கு அடைச்சுக்கும்!" இன்னொரு தும்மல். "மாதிரிக்கு எடுத்தது எடுத்தது. வழக்கமா போறது போச்சு. மத்தபடி அளவு சரியா இருக்கு."

"வழக்கமா போறது எங்க போகும்?"

"மேலதான். அக்காவுக்கு, வீட்டுக்கு. மாசம் ஒரு பாட்டில். மாதிரி போட்ட அன்னிக்குக் காலையிலகூடப் போச்சு. ஹச்!"

அண்ணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் பையில ஒரு தடிமனான கறுப்புப் பேனா இருக்குமே, அது அழியுமா?"

"அழியாது அண்ணி. என் புகழ் மாதிரி."

"ரொம்ப நல்லது."

முதலாளியையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினோம். கூடத்து வாசலில் அதே பெட்டி. கூடத்தைக் கவனித்துக்கொண்டே நுழைந்ததில் அதே கட்டைவிரலை அதே பெட்டியில் இடித்துக்கொண்டேன். பெட்டி சற்று நகர்ந்தது. இந்தமுறை வலிக்கவில்லை. விரலுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி நேராகப் போய் அந்த ஆளுயரக் கண்ணாடியில், என் பேனாவால், அட்டவணையைப் பெரிதாக எழுத ஆரம்பித்தார். முதல். மாற்றம். முடிவு. ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலம். முதலாளி வாயைப் பிளந்தார். மருமகள் "அக்கா, வேண்டாம், அத்தை பாத்தா..." என்று பதறினாள்.

அத்தை பார்த்துவிட்டார். எங்கிருந்தோ ஈரத்துணியோடு ஓடி வந்தார்.

"ஐயையோ! என்ன வேலை இது! படிச்சவங்கதானே நீங்க? இது கண்ணாடியா, பள்ளிக்கூடத்துப் பலகையா?" தேய்த்தார். அமுக்கித் தேய்த்தார். எழுத்து அசையவில்லை. "போக மாட்டேங்குதே!"

"தண்ணியில போகாதும்மா" என்றார் அண்ணி. "வழக்கமா எதால துடைப்பீங்க?"

"அந்த பாட்டில்ல..." முதலாளியம்மா சட்டென்று நிறுத்தினார்.

"கொண்டு வாங்க, நானே துடைச்சுக் கொடுத்துடுறேன்."

"தீர்ந்துபோச்சு."

"மாதிரி போட்ட அன்னிக்குக் காலையிலதானே முழுப் பாட்டில் வந்துது? நான் உள்ள வந்ததுலேர்ந்து பாக்கிறேன், வீடு முழுக்கப் பளபளன்னு இருக்கு, கண்ணாடி மட்டும் மங்கலா இருக்கு. நாற்காலிக் கைப்பிடியில ஒரு விரல் பட்டாலே தாங்காத நீங்க, இந்தக் கண்ணாடியை இப்படி விட்டு வைப்பீங்களா? இந்த மாசப் பாட்டிலை இந்த வீட்டுக் கண்ணாடி எதுவும் பாக்கலைம்மா. வேற யாரோ குடிச்சிருக்காங்க. அவங்களுக்கு வயிறு பெரிசு, மூக்கு குட்டை."

கீழேயிருந்து ஒரு தும்மல் கேட்டது.

முதலாளியம்மா துணியை நாற்காலியில் போட்டார். மடிக்காமல் போட்டார்.

"ஆமா, நான்தான் ஊத்தினேன். இப்ப என்ன?"

"நீயா?" என்றார் முதலாளி.

"நானேதான். சோறு போடும்போதெல்லாம் இவ கெஞ்சிட்டே இருந்தா, கொஞ்சம் கூட ஊத்துங்க மாமா, இருபதுக்கு மேல வராது மாமான்னு. நீங்க தலையை ஆட்டிட்டு ரசிச்சு சாப்பிட்டீங்க. முப்பது வரலைன்னா இவளைப் பட்டறைப் பக்கமே விடமாட்டேன்னீங்க. இருபதுதான் வரும்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நம்மகிட்ட ஒரு பாட்டில் இருக்கேன்னு எடுத்துட்டுப் போய் அந்த மூக்கு வழியா ஊத்தினேன்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? மாமியாரைத் தூண்டிவிட்டு மாதிரியைக் கெடுத்தாள்னு அதையும் இவ தலையில கட்டுவீங்க. அதான் வாயை மூடிக்கிட்டு வேற ஏற்பாடு பண்ணிட்டேன்."

என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத்தை, உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு..."

"பிடிக்கும்னு யார் சொன்னா? உன் காபி பிடிக்காது. நீ துணி மடிக்கிறது பிடிக்காது. அதுக்காக நீ திருடின்னு ஒருத்தர் சொன்னா நான் கேட்டுட்டு இருக்கணுமா? நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? இவரோடயா? இவருக்குப் பத்து நிமிஷம் சேர்ந்தாப்பல சண்டை போடத் தெரியாது."

அண்ணி என் பேனாவின் மூடியைத் தேவைக்கு அதிகமான நேரம் திருகிக்கொண்டிருந்தார்.

முதலாளி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். நடுவரிசையில் விரலை வைத்தார். "இந்த ஒண்ணுக்கு ஒண்ணுங்கிறது... மாறினதுக்கு மட்டும்தானா?"

"ஆமா மாமா."

"இவளுக்கு முன்னாடி இதே மாதிரி குறையுதுன்னு ரெண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினேன்." கண்ணாடியில் தெரிந்த தன் மங்கலான முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அவங்களும் இருபதுன்னுதான் சொன்னாங்க."

"அவங்களையும் தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறோம்" என்றார் அண்ணி. "நீங்க போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லணும்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அடுத்த தடவை எவ்வளவு ஆல்கஹால் ஊத்தலாம்?" என்று மருமகளைக் கேட்டார்.

"முதல்ல மன்னிப்பு கேளுங்க மாமா. அளவை அப்புறம் சொல்றேன்."

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலை" என்றார் முதலாளியம்மா.

"தப்பா சொல்லிட்டேன்மா. மன்னிச்சுடு."

கீழே கார் ஹாரன் அடித்தது. மருமகளின் அண்ணன் வந்துவிட்டான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன் மாமா. ஆனா நான் கிளம்புறேன். திருடின்னு ஒருத்தர் சொன்னதும், மத்தவங்க யாரும் 'அவ திருடி இல்ல'ன்னு சொல்லாததும் ரெண்டும் வலிக்குது. என் புருஷன் போனை எடுக்கிற அன்னிக்கி யோசிக்கிறேன்."

அவள் சொன்னது நியாயம். அவள் வாசலுக்குப் போய், பல்லைக் கடித்து, பலத்தை எல்லாம் சேர்த்துப் பெட்டியை இழுத்துத் தூக்கினாள்.

பெட்டி பறந்து அவள் தலைக்கு மேலே போனது. தடுமாறிப் பின்னால் சாய்ந்தவளை நான் பிடித்துக்கொண்டேன். என் கட்டைவிரல் ஏன் வலிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் பெட்டியைக் கீழே வைத்து வாரை அவிழ்த்துத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"முதல், ஒரு பெட்டி நிறைய" என்றார் அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு. "முடிவு, சுழி. மாற்றம் எவ்வளவுன்னு நமக்கே தெரியும். மாறினது எங்க போச்சுங்கிறதுதான் கேள்வி."

எல்லாரும் முதலாளியம்மாவைப் பார்த்தோம். அவர் நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நிதானமாக மடித்தார்.

"உன் அலமாரியிலதான் இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி மடிச்சு வச்சிருக்கேன். நீ மடிச்சிருந்ததெல்லாம் ஒரு மடிப்பா?"

மருமகள் காலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே ஹாரன் மறுபடி அடித்தது. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"அண்ணா, வண்டியை அணைச்சுட்டு மேல வா. காபி குடிச்சுட்டுப் போ."

"நீ உக்காரு" என்றார் முதலாளியம்மா, சமையலறைக்குப் போய்க்கொண்டே. "காபியை நான் போடுறேன்."